கைலியின் மறுமுனை

மச்சான்,

உன் கைலி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. இன்று காலை துவைக்கலாமென்று எடுத்தேன். வாளியில் போடக் குனிந்ததும் கொக்கோ வாசனை அடித்தது. அதற்கு அடியில் கொஞ்சம் வெண்ணிலா, கொஞ்சம் தீய்ந்த முட்டை. வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கைலியை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே டிசம்பர் மழை விடாமல் பெய்கிறது. கிறிஸ்மஸ் நேற்றோடு முடிந்தது. நீ இல்லாத முதல் கிறிஸ்மஸ்.

உன்மேல் எனக்குக் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் உன்னோடு பழகியிருக்க மாட்டார்கள்.

நாம் எப்படிக் கூட்டானோம் என்று யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஜோகூர் பாசிர் கூடாங்கில் அந்தச் செம்பனை எண்ணெய் ஆலையில் எனக்கு பாய்லரில் வேலை. உனக்குச் சோதனைக்கூடத்தில். ஆலையில் வருகிற மார்ஜரின் பதமாக இருக்கிறதா என்று பார்க்க, அதைப் போட்டு கேக் சுட்டுப் பார்க்கிற உத்தியோகம். நாங்கள் வெந்துகொண்டிருக்க, நீ வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கேக் தின்பாய். 'தின்னு சம்பளம் வாங்குறவன்' என்று உன்னைக் கேலி செய்யாத ஆளில்லை. நீயும் வயிற்றைத் தடவிக்கொண்டு, "கஷ்டமான வேலைலா" என்பாய்.

ஒரு நாள் கேண்டீனில் தே தாரிக் ஆற்றிக்கொண்டே கேட்டாய்.

"மச்சான், இந்தக் கிறிஸ்மஸுக்கு வீட்ல லாக் கேக் செய்யப் போறேன். இன்னொரு கை வேணும். வர்றியா?"

எனக்கு லாக் என்றால் பூட்டுதான் தெரியும். ஆலையில் ஒவ்வொரு வால்வுக்கும் லாக் போட்டுப் போட்டுப் பழகிய கை. "பூட்டு மாதிரி கேக்கா? சாவிய எங்கடா வைப்பே?" என்று நிஜமாகத்தான் கேட்டேன். நீ வாயில் இருந்த தேநீரை மேசையெல்லாம் துப்பினாய்.

"அலமாக்! பூட்டு இல்லடா. மரக்கட்டை. வெள்ளக்காரன் ஊர்ல குளிருக்கு அடுப்புல பெரிய கட்டையாப் போட்டு எரிப்பான். அந்தக் கட்டை மாதிரி சுருட்டி வைக்கிற கேக்கு."

"இங்க மனுசன் பாய்லர்ல வேகறான். நமக்கு எதுக்குடா குளிருக்குக் கட்டை?"

"அதான் உன்னக் கூப்பிடறேன். கேக்கு அடுப்ப விட்டு வந்த சூட்டோட சுருட்டணும். ஆறிப்போனா முறிஞ்சிரும். என் கை தாங்காது. நீ பாய்லர்காரன்."

அன்றிலிருந்து நமக்குள் அது லாக் கேக் இல்லை, வெறும் கட்டை. நவம்பர் பிறந்ததும் "கட்டைக்கு நாள் குறிச்சாச்சா?" என்று நான் கேட்பேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று நினைத்து நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

முதல் வருடத்து வேடிக்கையை நீ மறந்திருக்க மாட்டாய். சுருட்ட ஒரு வெள்ளைத் துணி வேண்டும் என்று தேடினாய். உன் மனைவி, என் தங்கச்சி என்றே நான் கூப்பிடுகிறவள், "என் மேசை விரிப்பத் தொட்டீங்க, ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது" என்று கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். நீ அலமாரியிலிருந்து புத்தம்புதுக் கைலி ஒன்றை எடுத்து வந்தாய். சிவப்புக் கட்டம் போட்டது. தையலைப் பிரித்து விரித்தால் நல்ல அகலம். தட்டையாகச் சுட்ட கேக்கை அதன்மேல் கவிழ்த்தாய். ஆவி பறந்தது. ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை நீ பிடித்தாய். நான் சூட்டோடு உருட்டிக்கொண்டு வர, நீ துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தாய். "மெதுவா மச்சான், மெதுவா. கொழந்தையத் தூக்கற மாதிரி" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாய்.

ஆறியபிறகு பிரித்துப் பார்த்தால் கேக் முழுக்க இளஞ்சிவப்புக் கட்டம். புதுத் துணிச் சாயம் சூட்டில் இறங்கிவிட்டது! நான் தலையில் கை வைத்தேன். நீயோ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"உலகத்துலயே கட்டம் போட்ட கட்டை நம்ம வீட்லதான் மச்சான்!"

தங்கச்சி அதை வாயில் வைக்க விடவில்லை. மறுபடி ஒன்று சுட்டோம். அதற்குள் கைலியை வெந்நீரில் போட்டு அலசு அலசு என்று அலசினாய். "ஓடற சாயமெல்லாம் ஓடிப்போச்சு. இனிமே இதைவிட நம்பிக்கையான துணி கிடைக்காது" என்பது உன் நியாயம். உன் நியாயங்கள் எல்லாமே அப்படித்தான். ஆனாலும் அந்தக் கைலிதான் அதற்குப்பின் எல்லா வருடமும் வந்தது. கட்டம் வெளுத்து வெளுத்து இப்போது கிட்ட உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது.

இரண்டாவது கேக்கில் சாயம் ஏறவில்லை, ஆனால் சுருட்டும்போது நடுவில் வெடித்தது. நான் பதறினேன். நீ கத்தியை எடுத்து கிரீமை வழித்து அந்த வெடிப்பின்மேல் அப்பினாய். முள்கரண்டியால் நீளவாக்கில் கோடு இழுத்தாய். வெடிப்பு போன இடம் தெரியவில்லை. பட்டை உரியாத மரக்கட்டை ஒன்று தட்டில் கிடந்தது.

"வெடிச்சா என்னடா? மேல கிரீம் இருக்குல்ல."

இதை அதன்பிறகு எத்தனை இடத்தில் சொல்லியிருப்பாய். பாய்லர் நின்றுபோய் மேலாளர் குதித்தபோது என் காதில் வந்து சொன்னாய். உன் மகன் பரீட்சையில் கோட்டைவிட்டபோது அவன் முதுகில் தட்டிச் சொன்னாய். மேலே பனி மாதிரி தூவிய சீனி நம் ஊர் ஈரத்தில் கரைந்து தண்ணீராக வழிந்தபோதும் சொன்னாய். "ஜோகூர்ல பனி நிக்காது மச்சான். கிரீம் நிக்கும்." என் மனைவி தவறியபோது மட்டும் அந்த வார்த்தையை நீ எடுக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அந்த டிசம்பரில் நான் வர மாட்டேன் என்றபோதும் வற்புறுத்தவில்லை. கிறிஸ்மஸன்று காலை மாவையும் முட்டையையும் கைலியையும் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "அங்க அடுப்பு ரிப்பேரு" என்றாய். பொய். உன் அடுப்புக்கு ஒன்றும் இல்லை என்று தங்கச்சி அப்புறம் சொன்னாள்.

வயதான பிறகு இன்னொன்றும் சொல்லப் பழகியிருந்தாய். இருவரும் ஓய்வு பெற்று, முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற கட்டத்துக்கு வந்தபின். உன் நெஞ்சைத் தட்டிக்காட்டி, "இந்தக் கட்டை இருக்கற வரைக்கும் அந்தக் கட்டையும் இருக்கும்" என்பாய். சிரித்தேன். எல்லாவற்றுக்கும் சிரித்தேன்.

போன வருடத்தைச் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

போன வருடம் உன் சட்டை தொளதொளவென்று இருந்தது. கேட்டேன். "சீனிய நிறுத்திட்டேன்லா. இப்ப நான் இளந்தாரி" என்றாய். கேக் செய்கிறவன் சீனியை நிறுத்தினானாம், நானும் நம்பினேன். அன்று நீ அவசரப்படவே இல்லை. முட்டையை அடிப்பதிலிருந்து ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்தாய். நடுவில் ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மறுபடி எழுந்தாய். சுருட்டும்போது "மெதுவா மச்சான்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கைலியின் மறுமுனையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாய்.

அது வெடிக்கவில்லை. அத்தனை வருடத்தில் அது ஒன்றுதான் வெடிக்காத கட்டை. ஒரு கீறல் இல்லாமல், வழுவழுவென்று, சுருள் சுருளாக வந்து நின்றது. நான் கிரீம் கிண்ணத்தை நீட்டினேன். நீ வாங்கவில்லை.

"வேணாம் மச்சான். இந்த ஒரு வருசம் கட்டை கட்டையாவே போவட்டும்."

"மொட்டையா இருக்குமேடா."

"இருக்கட்டும். பாரேன், எவ்வளவு அழகா இருக்கு."

நீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். கெட்டிக்காரத்தனம் பலித்த பெருமை என்று நினைத்துக்கொண்டேன். புறப்படும்போது கைலியை என் கையில் கொடுத்து, "துவைச்சு வை. அடுத்த தடவ நீ கொண்டாந்திரு" என்றாய். எப்போதும் அது உன் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

பொங்கலுக்கு நீ வரவில்லை. சளி என்றாய். கடைக்குக் கூப்பிட்டால் தூக்கம் என்றாய். பிறகு ஒரு நாள் தங்கச்சி அழைத்து, "அண்ணே, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போங்க" என்றாள். வந்து பார்த்தால் கட்டிலில் நீ பாதிகூட இல்லை. கணையத்தில் புற்று. உனக்குப் பேச்சு நின்றுவிட்டது. என் கையைப் பிடித்தாய், அல்லது நான்தான் உன் கையைப் பிடித்தேனா தெரியவில்லை. அந்த வாரம் தாண்டவில்லை.

அடக்கத்தன்று சர்ச் வாசலில் ஒரு பெரியவர், சிரம்பானிலிருந்து வந்த உன் மனைவியின் அண்ணன், பெட்டி தூக்குகிறவர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். நானும் போய் நின்றேன்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மச்சான்" என்றேன்.

"எந்த வழியில?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அவர்தான் உண்மையான மச்சான். எனக்குச் சொல்ல வழி எதுவும் இல்லை. நகர்ந்து, செருப்புகள் கிடந்த பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். பெட்டி என்னைத் தாண்டிப் போனது. வாழ்க்கையில் பாதியை உன்னோடு கழித்தவனுக்கு உன்னைத் தூக்க ஒரு ஓரம்கூடக் கிடைக்கவில்லையே என்று அன்று அழுததுதான் உனக்காக நான் அழுத முதல் அழுகை.

இந்த நவம்பர் வந்ததும் 'நாள் குறிச்சாச்சா' என்று கேட்க ஆளில்லை. சிங்கப்பூரிலிருக்கும் என் மகளிடம் சொன்னேன். "அப்பா, கடையில அழகழகா விக்கறாங்கப்பா. நான் வாங்கிட்டு வர்றேன்" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? தங்கச்சியின் கிறிஸ்மஸ் மேசையில் நம் கட்டை இல்லாமல் போனால், நீ செத்துப்போனாய் என்பதை நானும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இத்தனை மாதமாக நான் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. உன்னிடம் சொல்வதற்கென்ன, நேற்றுவரை எனக்கு அது ஒன்றுதான் பிடிமானம்.

நேற்றுக் காலை அடுப்பைப் பற்ற வைத்தபோதுதான் ஒன்று புரிந்தது. எனக்கு ஒன்றுமே தெரியாது. இத்தனை வருடம் நான் வந்து நின்றது சுருட்டுவதற்கு மட்டும். மாவு எவ்வளவு, முட்டையை எதுவரை அடிப்பது, எப்போது வெளியே எடுப்பது எல்லாம் உன் பாதி. சூடு தாங்குவது மட்டும் என் பாதி. உன் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். கைபேசியில் எவளோ ஒருத்தி செய்து காட்டியதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். தட்டைக் கவிழ்த்தால் கேக் ஓரமெல்லாம் தீய்ந்து, அட்டை மாதிரி வந்து விழுந்தது.

சுருட்ட வேண்டும். கைலியின் மறுமுனையைப் பிடிக்க யாரும் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கடைசியில் அம்மிக் குழவியைத் தூக்கி உன் முனையில் வைத்தேன். சிரிக்காதே. அது நகராது என்று நினைத்தேன், நகரவும் இல்லை. அதுதான் கோளாறு. நீ விட்டுக்கொடுப்பாய், குழவிக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. இரண்டு உருட்டு உருட்டினேன், துணி விண்ணென்று நின்றது, கேக் சத்தத்தோடு வெடித்தது. குறுக்கே ஒன்று, நீளத்தில் ஒன்று. சூடு கையில் ஏறிக்கொண்டே இருந்தது. கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

கிரீம் அடித்து வைத்திருந்தேன். கத்தியில் வழித்து ஒரு அப்பு அப்பினேன். கேக் ஆறவில்லை போலிருக்கிறது, கிரீம் உருகி வெடிப்புக்குள் இறங்கிப்போனது. 'மேல கிரீம் இருக்குல்ல' என்று நீ சொன்னது உன் கைக்குத்தான் பலிக்கும். கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்த்தேன். வெடித்த கட்டையை வெடித்தபடியே தட்டில் தூக்கி வைத்து, மழையோடு காரில் உன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் நட்சத்திரம் தொங்கவில்லை. தங்கச்சி மட்டும்தான் இருந்தாள். "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று, காலையில் கேட்கிற கேள்வியை மதிய நேரத்தில் கேட்டாள். பழக்கத்தில் வருகிற பேச்சு. நான் தட்டை மேசையில் வைத்தேன். அவள் அதைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு கத்தி எடுத்து ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள்.

"சீனியே போடலியா அண்ணே?"

போட்டேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை. அவள் அந்தத் துண்டை மிச்சம் வைக்காமல் தின்றாள். தின்றுவிட்டுத்தான் சொன்னாள்.

"போன வருசம் கட்டை உருட்டறப்பவே அவருக்குத் தெரியும் அண்ணே. நவம்பர்லயே டாக்டர் சொல்லிட்டாரு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாரு. 'அவன் கை சூடு தாங்கும், மனசு தாங்காது. சொன்னா கட்டை உருட்ட வரமாட்டான். வந்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிப்பான். எனக்கு அவன் சிரிச்சிக்கிட்டு நிக்கணும்'னாரு."

"தாங்கியிருப்பேன்" என்றேன். "யாரு சொன்னா தாங்க மாட்டேன்னு? தாங்கியிருப்பேம்மா."

"நான் தாங்கல?" என்றாள். சத்தம் போடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் உள்ள சிரிக்கறீங்க. நான் கூடத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். எனக்கு யாரு இருந்தா அண்ணே?"

அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும் மச்சான். என் சிரிப்புக்காக அவளை ஊமையாக்கிவிட்டாய். எனக்கும் சேர்த்து கிரீம் பூசினாய். வெடிக்காத கட்டையை எனக்குக் காட்டிவிட்டு, வெடித்ததை அவள் மடியில் போட்டாய். இதற்கு நான் உன்மேல் கோபப்படாமல் என்ன செய்வது? கோபப்பட்டால் மட்டும் என்ன ஆகப்போகிறது? எதிரே நீ இல்லை.

கிளம்பும்போது கதவருகில் வந்து நின்றாள்.

"அண்ணே, அடுத்த வருசம் இதெல்லாம் செய்யாதீங்க. நான் இருக்க மாட்டேன். பையன் என்னக் கூச்சிங்குக்குத் தன்னோட கூட்டிக்கிட்டுப் போறான். வீட்ட விட்ரப் போறோம்."

தலையாட்டினேன். நல்லது, மகனோடு இரு என்றேன். அப்படித்தானே சொல்ல வேண்டும். காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். அந்த மேசையும் போயிற்று. இனி நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. ஓய்வு பெற்று இவ்வளவு காலமானபின் பாய்லர்காரன் கை எங்கே இருக்கும்? அதுவும் தாங்கவில்லை மச்சான். நீ அதைப் பற்றிச் சொன்னதும் தப்பாகிவிட்டது.

நீ எனக்கென்று விட்டுப்போனது இந்தக் கைலி ஒன்றுதான். வாளியில் பிடித்த தண்ணீர் அப்படியே இருக்கிறது, நான் இதைப் போடவில்லை. துவைக்கவும் போவதில்லை. மடித்து வைக்கலாமென்று மேசைமேல் விரித்தேன். ஒரு முனையை எடுத்தேன், மறுமுனையை எடுக்க ஆளில்லை. பக்கத்தில் கிடந்த நேற்றைய குழவியைத் தூக்கி மறுபடி உன் முனையில் வைத்தேன். எடுக்க மனம் வரவில்லை. என் முனையைப் பிடித்துக்கொண்டு இங்கேயே நிற்கிறேன்.